வலது கன்னம்

மாத்திரை இனித்தது.

ஜெபஷீலாவின் வலது கன்னத்து நரம்பு வலிக்கு மதுரை டாக்டர் எழுதிக்கொடுத்தது மார்ஃபின். தாடையை அசைக்கப் பயந்து நாக்கிலேயே கரைத்து விழுங்குகிறவளுக்கு அந்தக் கசப்பு தெரியாதா? டப்பா மட்டும்தான் பழையது. உள்ளே இருந்தது பிள்ளைகள் சப்புகிற சத்து மாத்திரை.

"நான்தான் மாத்துனேன்," என்றார் கணவர் சேவியர். "சர்ச்சுப் பூசையில நேர்ந்துக்கிட்டேன் ஷீலா. திருவிழாக் கொடி எறங்குற வரைக்கும் அந்தப் போதை மாத்திரை வீட்டுல இருக்கக்கூடாது. எல்லாத்தையும் வாய்க்கால்ல போட்டுட்டேன்."

பாவி மனிதர், அவளுக்காக அவரே நேர்ந்துகொண்டு வந்திருக்கிறார். குரலில் அவ்வளவு பாசம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மதியத்துக்கு மேல் ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தல்களை உலுக்கிக்கொண்டு, பூச்சிமருந்து வாடையோடு ஆடிக்காற்று எழுந்தது. காற்றுப் பட்டாலே வலி வெட்டும் கன்னம் அது. காற்று ஒவ்வொரு தோட்டமாகத் தாண்டி வரும் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, ஜன்னல் இடுக்குகளில் பழைய சேலையைத் திணித்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு ஒழுகியது, உடம்பு வேர்த்தது. மருந்து நின்ற உடம்புக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. ஒவ்வொரு கொட்டாவிக்கும் தாடை தானாகத் திறந்தது. காதிலிருந்து உதடு வரை கரண்ட் பாய்ந்தது.

விளக்கு வைக்கும் நேரம், வாசலில் செருப்புகள் கழலும் சத்தம்.

"ஜெபக்கூட்டத்துல இருந்து வந்திருக்காக," என்றார் சேவியர்.

முன்னால் வந்தவள் அவருடைய அக்கா லூர்து மேரி, கையில் மந்திரித்த எண்ணெய். நோவுள்ள இடத்தில் எண்ணெய்க் கையை அழுத்தி வைத்து ஜெபிப்பது அவர்கள் வழக்கம். மாத்திரை முகத்தை மரக்க வைத்திருந்த நாட்களில் அவர்களும் அந்தக் கன்னத்தைத் தடவியிருக்கிறார்கள். மாத்திரை இல்லாத கன்னத்தை ஒருவரும் தொட்டதில்லை.

தொடாதீங்க மதினி. சொல்ல உதட்டைப் பிரித்தாள். வெட்டியது. சத்தம் வரவில்லை.

கையைத் தூக்கினாள். சேவியர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அசையாம இரு தாயி."

உள்ளங்கை பதிந்தது.

கண் இருண்டது. பல் ஒவ்வொன்றும் எரிந்தது. கத்த வேண்டும். வாய் திறந்தால் இன்னும் வெட்டும். கண்ணீர் மட்டும் வந்தது.

"சத்தமே போடல பாரு," என்றாள் லூர்து மேரி. "வலி எறங்குது. எல்லாரும் வாங்க. ஆளுக்கொரு கை வைங்க."

கை எடுபட்டது. அடுத்த கை.

கண்ணீரின் ஊடே வாசல் தெரிந்தது. வாசலுக்கு அப்பால் தெருமுனை வரை ஆட்கள், வலது உள்ளங்கையில் எண்ணெயைத் தேய்த்தபடி, வரிசையாக.