தூணில் எழுதிய தேதி

மார்கழி விடியலில் குழாய்த் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. முகம் கழுவக் குனிந்த விருத்தாசலம், யாரோ உள்ளங்கையைப் பற்றிக்கொண்டதுபோல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

“இன்னா மாமா, உப்பு கரிக்கிற தண்ணி திடீர்னு இளநி கணக்கா இனிக்குது?” மனைவி பூமாலை சொம்பை மறுபடி நிரப்பினாள். “டேங்க்ல எதுனா புது மருந்து போட்டியா?”

“அவனாவது, போடறதாவது!” குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுச் சவுரியம்மாள் சிரித்தாள். “தேதி எழுதத்தான் கை நீளும். ஏணியில ஏற காலு வராதே!”

விருத்தாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கிளியனூரை ஒட்டிய அந்தக் காலனிக்கு டேங்க் ஆபரேட்டர் அவன்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேங்கைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, கழுவிய தேதியை டேங்க் தூணில் பெயிண்டால் எழுத வேண்டும். ஆறு மாதமாகத் தேதியை மட்டும் தவறாமல் எழுதினான். மேலே ஏறவில்லை.

டேங்குக்குள் ஏதாவது செத்துக் கிடக்குமோ என்ற பயத்தில், அன்றிலிருந்து அவன் மட்டும் கடையில் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுதிய தேதியெல்லாம் பொய் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் நாள், ஆறு வயது மகள் இசைவாணி சோற்றைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. திண்டிவனத்து டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அவள் தூங்கும்போது குனிந்து முகர்ந்தான். மூச்சில் பாசி வாசனை.

மறுநாள் மதியம் பிளீச்சிங் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். மோட்டார் ஓடவில்லை, வால்வு மூடியிருந்தது. ஆனாலும் நீர்மட்டம் காட்டும் இரும்பு முள், டேங்கின் வெளிச்சுவரை உரசிக்கொண்டு கிறீச் கிறீச்சென்று ஒரு சாண் ஏறியது, ஒரு சாண் இறங்கியது.

மூடியைத் தள்ளினான்.

எலி இல்லை. பாம்பு இல்லை. அடி தெரியும் தெளிந்த தண்ணீர். அது ஏறியது. இறங்கியது.

மூச்சு.

“வாணாம்பா!”

கீழே காலனியே திரண்டிருந்தது. முன்னால் இசைவாணி. பக்கத்தில் பூமாலை. அத்தனை மார்புகளும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின. முள்ளோடு.

“அதுக்கு எரியும்பா.”

இது செத்தால்தான் பிள்ளை பிழைக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டு மூட்டையைக் கவிழ்த்தான்.

தண்ணீர் ஒரே ஒருமுறை உயர்ந்தது. இறங்கவில்லை.

முள் நின்றது.

“இசை!”

கைத்தோல் உரிய ஏணியில் சறுக்கினான். மகளின் மூக்கருகே விரல் வைத்தான். காற்று இல்லை. பூமாலை. இல்லை. சவுரியம்மாள். இல்லை.

ஒருவர்கூட விழவில்லை. விரிந்த மார்போடு, திறந்த கண்களோடு, டேங்கையே அண்ணாந்து பார்த்தபடி அத்தனை பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.