தொள்ளாயிரத்து ஐம்பதில் பூரணி

பாட்டு முடிந்து மூன்று விநாடி கழித்து பூரணி மூச்சு வாங்கினாள்.

தனுஷன் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் மூச்சு கிடையாது. பதிவு செய்த அன்றைக்கே, வெளியே கொக்கரித்த கோழியோடு சேர்த்து அவன்தான் அதை வெட்டி எறிந்திருந்தான். திரையில் அந்த இடத்தில் நேர்கோடுதான் ஓடியது. காதுக்குள்ளோ, கொழுந்துக் கூடையோடு மேடேறி வந்து நின்றவளைப் போல ஒரு பெண் மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பூரணி செத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு அது. இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டம், அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான ஒரு லயம், லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. தனுஷன் கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிப்பவன். மனைவி பூரணி பகலில் கொழுந்து பறிப்பாள், வந்து கைகால் கழுவிவிட்டு மைக் முன்னால் நிற்பாள். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு செய்தார்கள். தப்பு, உருமி, கீபோர்ட், அவள் குரலே நான்கு அடுக்கு என்று பதினைந்து தடங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்பது தடம் வரைக்கும் தாக்குப்பிடிக்கும், பத்தாவதில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

"பாட்டு பாதி, திக்கல் பாதி," என்று பூரணி சிரிப்பாள். "ஒருக்காவாச்சும் இத முழுசா கேக்கணுங்க."

கேட்காமலே போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அவன் மடியில், அனலாகக் கொதித்துக்கொண்டிருந்த நெற்றி அவன் கைக்குக் கீழேயே ஆறிப்போனது. பதினாறாம் நாள் கருமாதிக்கு முன் அந்தப் பாட்டை முழுசாக அவளுக்குப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று அவன் நினைத்தான். அதைத் தவிர உலகத்தில் அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் ஹட்டனுக்கு இறங்கிப் போய், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துச் சுகிர்தனைப் பார்த்தான்.

"உந்தப் பழசை வைச்சுக்கொண்டு மினக்கெடாதேங்கோ," என்றார் சுகிர்தன். "புது ப்ராசஸர் போடவேணும். அதுக்கு போர்டும் மாத்தவேணும். பெட்டியைக் கொண்டு வாங்கோ, ரெண்டு நாளிலை தாறன்."

"கருமாதி முடியிற வரைக்கும் அவ சாமான் எதும் வாசல் தாண்டக் கூடாதுங்க சேர். எங்க லயத்துல அப்படித்தான்."

"இது உங்கட பெட்டியெல்லே?"

"அவ குரல் அதுக்குள்ளதானே இருக்கு."

சுகிர்தன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் தொடங்கும்போது எந்தப் பொத்தானை அமுக்குவது, உள்ளே எந்த எண்ணைக் கூட்டுவது, அறுநூற்று முப்பத்து மூன்று மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ப்ராசஸரை எழுநூற்றுப் பன்னிரண்டுக்கும், எழுநூற்றுத் தொண்ணூறுக்கும், ஆகக் கூடினால் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கும் எப்படி விரட்டுவது என்று.

"இதுக்குப் பேர் ஓவர்க்ளொக். வேகம் கூடும், சூடும் கூடும். அளவுக்கு மிஞ்சினா உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் பழுதாப் போகும். கவனம் தம்பி."

எழுநூற்றுப் பன்னிரண்டில் வந்ததுதான் அந்த மூச்சு.

மாலையில் லயம் முழுக்க பல்பு எரிந்தால் கரண்ட் இறங்கிவிடும் என்பதால், எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பகலில்தான் அவன் வேலை செய்தான். பன்னிரண்டாம் நாள் எழுநூற்றுத் தொண்ணூறு. மூடுபனி தகரக்கூரை வரைக்கும் இறங்கியிருந்தது, பீலிக் குழாய்த் தண்ணீர் மட்டும் எங்கோ விழுந்துகொண்டிருந்தது, பெட்டிக்குள் விசிறி ஈனக் குரலில் சுழல, காய்ந்த தூசு சுடுகிற வாடையும் அதற்கு அடியில், இருக்கவே முடியாத, அவள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய் வாடையும் மெதுவாகக் காம்பராவை நிறைத்தன. பதின்மூன்று தடம் தடையில்லாமல் ஓடியது. பாட்டு முடிந்தது. மூச்சு வந்தது.

"என்னங்க."

மைக்கைப் பார்த்தான். வயர் கழற்றி, அவள் சேலையில் சுற்றி, மூலையில் கிடந்தது.

"என்னங்க... இருக்கீங்களா?"

பயத்தில் திரையை விட்டுப் பின்னுக்கு நகர்ந்தான். அதே நேரம் சந்தோஷத்தில் தேம்பித் தேம்பி அழுதான். வாயைப் பொத்திக்கொண்டு, "இருக்கேன், இங்கதான் இருக்கேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பெட்டி சூடாகிவிட்டதே என்று ஜன்னலைத் திறந்தான். குளிர் உள்ளே வந்தது. குரல் தேய்ந்து போயிற்று. மூடினான், திரும்பி வந்தது. இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. ஜன்னல் இடுக்கில் சாக்கை அடைத்தான். அவள் மலைக்குப் போர்த்திக்கொண்டு போகும் கம்பளியை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினான்.

பதினைந்தாம் நாள் தொள்ளாயிரத்து ஐம்பது.

பதினைந்து தடமும் ஓடின. திக்கல் இல்லை, இழுவை இல்லை. தப்பு அதிர, அதன் மேல் நான்கு பூரணிகள் ஒரே குரலாக எழுந்து பாடினார்கள். முதல்முறையாக முழுப் பாட்டு. எவ்வளவு அழகாக இருந்தது! அவளுக்கும் கேட்டிருக்கும் என்று நம்பினான்.

"கேட்டுச்சா பூரணி?"

"சுடுதுங்க."

ஹெட்ஃபோனை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சுடுதுங்க. மேலெல்லாம் சுடுது. நிப்பாட்டுங்க."

அன்றிரவு கரண்ட் இறங்கியும் பெட்டி நிற்கவில்லை, அவனும் அணைக்கவில்லை. பாட்டை மறுபடி போட்டான். முதல் அடியில் சொற்கள் போயிருந்தன, அந்த இடத்தில் முனகல். மறுபடி போட்டான். இரண்டாம் அடியும் போயிற்று. சுகிர்தன் சொன்னது நினைவுக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விடிவதற்குள் பாட்டு முழுவதும் போய், பதினைந்து தடத்திலும் 'சுடுதுங்க' என்ற அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. வேறு பிரதி கிடையாது. அணைத்தால் அவளுக்கு ஆறும். அணைத்தால் அவள் குரல் என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை.

காலையில் கதவு தட்டப்பட்டது. பக்கத்துக் காம்பரா வேலாயி. பூரணியைக் குளிப்பாட்டி அனுப்பியவள் அவள்தான்.

"தம்பி, ஆத்துக்குப் போக எல்லாரும் வந்து நிக்கிறாங்க. நீ வந்துதானே செய்யணும்?"

அவன் கம்பளியைப் பெட்டியின் மேல் இன்னும் இழுத்துவிட்டான்.

"உள்ள என்னமோ கருகுதுப்பா. மயிரு கருகுற மாதிரி இருக்கு." குரல் தாழ்ந்தது. "யாருப்பா உள்ள அழுவுறது?"

ஹெட்ஃபோன் வயர் பெட்டியில்தான் குத்தியிருந்தது. வெளியே எதுவும் கேட்க வழியில்லை.

"வர்றேன் பெரியம்மா. கொஞ்சம் பொறுங்க."

"அந்தப் புள்ளைய நிம்மதியா போக விடு சாமி."

விடத்தான் வேண்டும். அவனுக்குத் தெரியும். பெட்டியின் முன்னால் மண்டியிட்டான். கம்பளியை நீக்கினான். மூடியைக் கழற்றினான். அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தான்.

"அணைச்சிருங்க," என்றாள் பூரணி. "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அணைச்சிருங்க."

அவள் குரல். அவ்வளவு பக்கத்தில். கழுத்தில் மூச்சுப் படுகிற தூரத்தில்.

அமுக்கினால் போதும்.

"பூரணி, இன்னும் ஒரு வார்த்த."

"அணைங்க."

"ஒன்னே ஒன்னு."

"சுடுதுங்க..."

இப்போது குரல் தேய ஆரம்பித்தது. மூடியைத் திறந்ததில் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. பாதிச் சொல். கால் சொல். வெறும் மூச்சு.

வெளியே பறை தொடங்கியது. வேலாயி கதவை இடித்தாள்.

அவன் விரல் பொத்தானை விட்டு வந்தது. உள்ளே போனது. சுழன்றுகொண்டிருந்த விசிறியின் இறக்கையை அழுத்திப் பிடித்தது. விரல் கிழிந்தது. விடவில்லை.

விசிறி நின்றது.

அடியில் இருந்த உலோகம் மெல்லச் சிவந்தது. எண்ணெய் வாடை கருகிய மயிர் வாடையாக மாறியது. திரையில் பதினைந்து கோடுகளும் ஒன்றாக எழுந்து நின்றன. பதினைந்து பூரணிகளும் வீரிட்டார்கள்.

"இருக்கேன்," என்றான் தனுஷன், கண்ணீரோடு. "இங்கதான் இருக்கேன்."

மற்ற கையால் ஒலியைக் கூட்டினான்.