பூட்டில்லாத அறையில் ஒரு பாஸ்போர்ட்

சனிக்கிழமை மாலை நான்கரை மணி. ஈப்போ புந்தோங்கில் அர்ச்சுனன் வீட்டுச் சாமியறையிலிருந்து ஐயாவுவின் குரல் எழுந்தது. பக்தியில் எழுந்த குரல் அல்ல.

"எண்ணு தம்பி. இன்னொரு தடவ எண்ணு."

தம்பி அர்ச்சுனன் எண்ணினார். முருகன் படத்துக்கு முன்னால், மஞ்சள் துணிக்கு அடியில், நான்கு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. வைத்தது ஐந்து, ஐயாவுவுடையது ஒன்று, தம்பி வீட்டார் நால்வருடையது. காணாமல் போனது அர்ச்சுனன் மகள் ஷாமினியுடையது. யாருக்காக இந்தக் கப்பல் பயணமே ஏற்பாடானதோ, அவளுடையது.

மறுநாள் மாலை கப்பல் கிள்ளான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும். புக்கெட் போய்த் திரும்ப மூன்று இரவுகள். திங்கட்கிழமைக்கு முன்னால் வேறு பாஸ்போர்ட் எடுக்க எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

இந்தப் பயணத்தைப் பற்றி எங்கள் தெருவில் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க ஐயாவு விடவில்லை. கமுந்திங் தொழிற்பேட்டையில் புல் வெட்டும் குத்தகை எடுத்திருப்பவர் அவர்; அர்ச்சுனனின் அண்ணன். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்த குடும்பம். அதில் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்பிஎம்மில் எட்டு ஏ வாங்கிய முதல் ஆள் ஷாமினி. அதைக் கொண்டாடாமல் விடலாமா? கப்பலில் அறை போட்டார். ஷாமினியின் முகம் அச்சடித்த டி-சட்டைகள் ஐந்து செய்தார். அதில் அவள் முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, அளவு தவறிவிட்டதாம்.

அவர் தெருவுக்குச் சொல்லாத பாதியும் தெருவுக்குத் தெரியும். ஷாமினிக்குக் கப்பலில் போக ஆசை இல்லை, கப்பலில் வேலை செய்ய ஆசை. மலாக்காவில் ஒரு கல்லூரியில் கப்பல் எந்திரப் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை காலை. தவறினால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு. பொம்பளைப் பிள்ளைக்கு எந்திர அறையில் என்ன வேலை என்று அர்ச்சுனன் மறுத்துவிட்டார். ஐயாவு அண்ணனாக ஒரு தீர்வு சொன்னார். கப்பல்தானே ஆசை, காட்டிக் கூட்டி வந்துவிடுவோம். ஞாயிறு கிளம்பும் கப்பலாகப் பார்த்து அறை போட்டதும் அவர்தான்.

ஆகவே பாஸ்போர்ட் காணவில்லை என்றதும் எல்லார் கண்ணும் ஷாமினி மேல்தான் போனது. ஆனால் அங்கே ஒரு சிக்கல். வியாழக்கிழமை மதியம் ஏஜெண்டிடமிருந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கி வந்து, முருகன் காலடியில் வைத்துக் கும்பிட்டவர் ஐயாவு. அடுத்த நிமிடமே, பெரியம்மா ராக்காயி புதுத்துணி எடுத்து வைத்திருக்கிறாள் என்று ஷாமினியைக் கமுந்திங்குக்குக் கூட்டிப்போனவரும் அவர்தான். சனிக்கிழமை நான்கு மணிக்கு இருவரும் ஒரே காரில் திரும்பினார்கள். வந்ததிலிருந்து அவள் கூடத்தைத் தாண்டவில்லை.

வீட்டைப் புரட்டினார்கள். அரிசி டின், மெத்தைக்கு அடி, காரின் பின்பக்கம், ஷாமினியின் பள்ளிப்பை எல்லாம் பார்த்தார்கள். குளியலறை அலமாரியை ஐயாவு திறந்தார், உடனே மூடினார். கிடைக்கவில்லை.

ஐந்தே கால் மணிக்கு ஜொஹரா பீவி வந்தார். தெருமுனைச் சாப்பாட்டுக்கடை அவருடையது. கல்லாவில் உட்கார்ந்தபடியே கோழித் திருடனைப் பிடித்தவர். கோயில் வாசலில் செருப்பு மாற்றிப் போனவரை நடையை வைத்தே கண்டுபிடித்தவர். வழியில் சாப்பிடக் கறி அடைத்த முர்தபா ரொட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டில் விழுந்திருந்த இடியைப் பார்த்ததும் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அஞ்சையும் கடைசியா பாத்தது யாரு?"

"நான்தாக்கா," என்றார் அர்ச்சுனன். "வெள்ளிக்கெழம காலையில வெளக்கேத்தறப்ப எண்ணுனேன். அஞ்சு இருந்துச்சு."

"நீயா ஏத்துன? புனிதா ஏத்தலையா?"

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார். "அவ வியாழக்கெழம சாயங்காலத்துலேருந்து தூரம்."

அவர் மனைவி புனிதா அடுப்படி வாசலில் கைகட்டி நின்றிருந்தாள்.

அந்த வீட்டுச் சாமியறைக்குப் பூட்டு கிடையாது. வெறும் தாழ்ப்பாள்தான். ஆனாலும் மாதத்தில் சில நாள் அது புனிதாவுக்குப் பூட்டிய அறை. அந்த நாட்களில் அவள் வாசற்படியைத் தாண்ட மாட்டாள், விளக்கைத் தொட மாட்டாள், பூப்பறிக்க மாட்டாள். தோட்டத்து லயத்திலிருந்து பெட்டி படுக்கையோடு ஈப்போவுக்கு வந்த வழக்கம். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அர்ச்சுனன் அதற்கு மேல் கேள்வி கேட்டதில்லை.

"இன்னைக்குக் காலையில?"

"வெளக்கேத்துனேன். துணியத் தூக்கிப் பாக்கல."

"நேத்து பகல்ல வீட்டுல யாரு?"

"நான் வேலைக்குப் போயிட்டேன். புனிதா இருந்தா. இவன் இருந்தான்." இவன் என்றது மூத்தவன் பவித்ரனை. கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம்.

பவித்ரன் சுவரில் சாய்ந்திருந்தான். "நான் தூங்கிட்டு இருந்தேன்கா. நான் ஃபார்ம் ஃபைவ் முடிச்சப்ப ஒரு மீ கோரேங் வாங்கிக் குடுத்தாங்க. அதுவும் முட்டை இல்லாம. இவளுக்குக் கப்பல். வயிறெரிஞ்சது உண்மைதான். அதுக்காகத் திருடுவேனா லா?"

முட்டை இல்லாத அந்த வறுத்த நூடுல்ஸ், அந்த மீ கோரேங்தான் அவனுக்கு வினையானது. ஐயாவு அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உள்ளே போக முடியாது. அப்புறம் யார் மிச்சம்? கணக்கு சரியாக இருந்தது. அவர் புல் குத்தகைக் கணக்கும் இப்படித்தான், காகிதத்தில் எப்போதும் சரியாக இருக்கும்.

ஜொஹரா பீவி ஷாமினி பக்கம் திரும்பினார். அவள் தன் முகம் போட்ட டி-சட்டையை மடியில் சுருட்டி வைத்திருந்தாள்.

"நான் எடுத்திருந்தா ஒளிச்சு வெச்சிருக்க மாட்டேன், ஆண்ட்டி," என்றாள். "எல்லார் முன்னாலயும், போகமாட்டேன்னு சொல்லிட்டே எடுத்திருப்பேன்."

"வாயப் பாரு," என்றார் ஐயாவு.

"வாயத்தான பெரியப்பா சட்டையில பெருசா அடிச்சிருக்கீங்க."

சிரிப்பு வந்தவர்கள் இருமினார்கள்.

ஜொஹரா பீவி எழுந்து சாமியறை வாசல்வரை போனார். வாசற்படியைத் தாண்டவில்லை, அது அவருடைய மரியாதை. அந்த மஞ்சள் துணியைக் கொஞ்சம் எடுத்துக் கொடு தம்பி என்றார். அர்ச்சுனன் கொடுத்தார். துணியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்புக் கறை. குங்குமம் என்றார் அர்ச்சுனன். ஜொஹரா பீவி துணியை மூக்கருகே கொண்டுபோனார். ஒரே ஒரு தும்மல் போட்டார்.

"பயணம் போற நேரத்துல ஒத்தத் தும்மல்," என்று ஐயாவு முணுமுணுத்தார்.

திரும்பி வந்த ஜொஹரா பீவியின் கண் கூடத்தில் நின்ற பெட்டிகள் மேல் போனது. பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு பிளாஸ்டிக் பையும் ஒரு தமிழ் நாளிதழும் சுற்றிய கண்ணாடிப் புட்டி.

"இது என்ன?"

ஐயாவு மார்பை நிமிர்த்தினார். கப்பல் சாப்பாட்டில் உப்பும் இருக்காது, உறைப்பும் இருக்காது. அதனால் எலுமிச்சை ஊறுகாய் கட்டச் சொன்னது அவர்தானாம். நேற்று மதியம் கமுந்திங்கிலிருந்து போன் போட்டு ஞாபகப்படுத்தினாராம். புனிதா உடனே தாளித்துவிட்டாளாம். எட்டு ஏ வாங்கியவரைப் போல இருந்தது அவர் முகம்.

ஜொஹரா பீவிக்கு அந்த ஊறுகாய் தெரியும். அவர் கடைக்கு ஊறுகாய் போடுபவளே புனிதாதான். எலுமிச்சையை உப்பில் ஊறவைத்த பரணி அவள் அடுப்படியில் எப்போதும் இருக்கும். வேண்டும்போது அள்ளித் தாளித்துக் கொடுப்பாள். கடைக்கு வழக்கமாக வருபவர்களுக்கு ஒரே குறைதான்: மாதத்தில் சில நாள் ஊறுகாய் இருக்காது. கேட்டால், எலுமிச்சை விலை ஏறிவிட்டது என்பார் ஜொஹரா பீவி. மாதாமாதம் ஏறி இறங்கும் எலுமிச்சை.

இதற்குள் கூடத்தில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். கட்டிய காசு திரும்பாது, ஆகவே மற்றவர்கள் போயே ஆகவேண்டும் என்றார் ஐயாவு. வயசுப் பிள்ளையைத் தனியாக விட முடியாது, புனிதா கூட இருக்கட்டும் என்றார் அர்ச்சுனன். பிறகு மகனிடம் போனார்.

"ராத்திரிக்குள்ள அந்தப் பாஸ்போர்ட்டு இங்க இருக்கணும். இல்லன்னா உன் துணியக் கட்டிட்டுக் கெளம்பு. திருடனுக்கு இந்த வீட்டுல எடமில்ல."

பவித்ரன் பெட்டியை எடுக்கத் திரும்பினான். அவன் கண் கலங்கியதைத் தெருவே பார்த்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

ஆறு மணி. ஜொஹரா பீவி குடிக்கத் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குள் போனார். கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது பிற்பாடு ஜொஹரா பீவி சொல்லித்தான் தெரியும். எல்லாருக்கும் தனித்தனியாகச் சொன்னார், யாரிடமும் சொல்லாதே என்று.

"புனிதா, எடுத்தது நீதான்."

புனிதா தம்ளரைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியிருந்த தம்ளர்.

"தூரம்னா நீ பரணியத் தொடமாட்ட. ஊறுகாய் பூசணம் பூத்துப்போயிரும்னு சொல்லுவ. எட்டு வருசமா எனக்கு மாசாமாசம் சொல்லியனுப்பற, இந்த வாரம் இல்லக்கான்னு. வியாழக்கெழமையிலேருந்து தூரம்னு புருசங்கிட்ட சொன்னவ வெள்ளிக்கெழம தாளிச்சிருக்க. எனக்கும் ஒரு போத்தல் வந்துச்சு. வாங்குறப்ப எனக்கே தோணல."

புனிதா தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"துணியில இருக்கறது குங்குமம் இல்ல. மொளகாத்தூளு, பெருங்காயம். தாளிச்ச கையோட போயிருக்க."

வெளியே பவித்ரனின் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. புனிதா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் போன் பண்ணி ஊறுகாய்னதும் கை தானா பரணிக்குப் போயிருச்சுக்கா," என்றாள். "மூத்தாரு கேட்டா இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்ல. வியாழக்கெழமையே தூரம்னு சொல்லி வெச்சேன், ஆனா எடுக்கத் தைரியம் வரல. தாளிக்கறப்பதான் நெனச்சேன். என் புள்ளைக்குப் பிடிச்சத இல்லைங்கறாரு, அவருக்குப் பிடிச்சத நான் ஆக்கிக்கிட்டு இருக்கேன். அடுப்ப அணைச்சேன். நேரா உள்ள போனேன். கை கழுவக்கூட நிக்கல."

"ஷாமினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா சத்தம் போட்டுச் சொல்லிருவா. அவங்க கெளம்புனதும் நாங்க ரெண்டு பேரும் மலாக்கா பஸ்ஸு."

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் காவலாக அம்மாவை வீட்டில் விடச் சொன்னதே அர்ச்சுனன்தான். ஆண்கள் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு காரணத்தைப் புனிதா கையில் எடுத்தாள். ஊறுகாயை மட்டும் மறந்தாள். பவித்ரன் வீட்டில் தூங்குகிறான் என்பதையும்.

"நான் வெளிய சொல்லணுமா?" என்று கேட்டார் ஜொஹரா பீவி.

"வேணாங்க்கா. நானே சொல்றேன்."

புனிதா நேராகக் குளியலறைக்குப் போனாள். ஐயாவு திறந்து உடனே மூடிய அலமாரியிலிருந்து ஒரு சானிட்டரி பேட் பாக்கெட்டை எடுத்தாள். கூடத்து மேசையில், முர்தபா பொட்டலத்துக்குப் பக்கத்தில், அதைக் கவிழ்த்தாள். பேடுகளோடு சேர்ந்து சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட் விழுந்தது. ஐயாவு கூரையைப் பார்த்தார். அர்ச்சுனன் மின்விசிறியைப் பார்த்தார்.

"இங்க பாருங்க," என்றாள் புனிதா. "கூரையில ஒண்ணும் இல்ல. பவி எடுக்கல. நான் எடுத்தேன். பெட்டிய உள்ள வை பவி."

அப்படியென்றால் தூரம் என்றது பொய்யா என்று கேட்டார் அர்ச்சுனன். பொய்தான் என்றாள். கிடைத்துவிட்டதல்லவா, பிறகென்ன, நாளைக்கு எல்லாரும் கிளம்பலாம் என்று ஐயாவு பாஸ்போர்ட்டை எடுக்கக் கை நீட்டினார். ஒரு பேட் அதன் மேல் கிடந்தது. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"அவ வரமாட்டா," என்றாள் புனிதா. "கப்பல்ல உக்காந்து சாப்புட எம்பொண்ணு படிக்கல. அத ஓட்டறதுக்குப் படிக்கப் போறா. திங்கக்கெழம மலாக்கா. நான் கூட்டிட்டுப் போறேன். யார் தடுக்கறதுன்னு பாப்போம்."

ஷாமினி எழுந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வீங்கிய முகம் போட்ட சட்டை தரையில் கிடந்தது.

ஐயாவுவுக்கு இன்னும் ஒரு ஆயுதம் மிச்சமிருந்தது. "சாமிய வெச்சுப் பொய் சொல்லியிருக்கியே. இது பொய்ங்கறதுனால பொழச்ச. நெசமாவே தூரமா இருந்திருந்தா அந்தப் படியத் தாண்டியிருப்பியா?"

புனிதா அவரை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மூத்தாரை நிமிர்ந்து பார்க்காதவள்.

"தாண்டியிருப்பேன்," என்றாள்.

பிறகு பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து ஊறுகாய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

ஞாயிறு காலை இரண்டு வண்டிகள் எங்கள் தெருவை விட்டுப் போயின. ஒன்று கிள்ளானுக்கு, அண்ணனும் தம்பியும் ஒரே முகம் போட்ட சட்டையில், ஒருவரோடு ஒருவர் பேசாமல். மற்றது பேருந்து நிலையத்துக்கு, ஓட்டியது பவித்ரன். பின்சீட்டில் அவன் அம்மா, தங்கை, ஊறுகாய்ப் புட்டி. கப்பலுக்கு வரமாட்டேன் என்று அவன் அப்பாவிடம் சொன்னபோது, முட்டை போட்ட மீ கோரேங்கை வழியில் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னானாம்.

கப்பலில் சாப்பாடு சப்பென்று இருந்ததாக ஐயாவு திரும்பி வந்து சொன்னார். நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதாக ஷாமினி சொன்னாள். முடிவு வர நாளாகும்.

ஜொஹரா பீவி கடையில் மட்டும் ஒரு மாற்றம். அந்த மாதத்திலிருந்து எந்த வாரமும் ஊறுகாய் இல்லை என்ற பேச்சே கிடையாது. எலுமிச்சை விலை ஒரே சீராக நின்றுவிட்டது. ஐயாவு ஈப்போ வந்தால் அங்கேதான் சாப்பிடுகிறார். ஊறுகாயை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார். எந்த நாளில் தாளித்தது என்று அவர் கேட்பதில்லை. ஜொஹரா பீவியும் சொல்வதில்லை. ஒரு புட்டிகூட இதுவரை பூத்துப்போகவில்லை.