மனமானியின் பச்சை

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் கணக்கு கிடையாது, சீர்வட்டம்தான். கடல் ஏறிவந்து கரையூர்கள் மூழ்கி, சனம் மேட்டுநிலத்துக்குக் குடியேறிய பிறகு, பள்ளிகளில் பிரம்பையும் சஸ்பென்ஷனையும் ஒழித்துவிட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அடித்தவரும் அடிபட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். அடித்தவர் மணிக்கட்டில் மனமானி கட்டியிருக்கும். உண்மையாக வருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. மூன்றாம் வட்டத்திலும் சிவப்பு எரிந்தால் பிள்ளையை வீட்டைவிட்டுப் பிரித்து நெறிவிடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

ரொசில்டாவுக்கு இது மூன்றாம் வட்டம். தன் கரையூர்ப் பேச்சைக் கேலி செய்த விஷாகனின் உதட்டை அவள் கிழித்திருந்தாள். கேலிக்கு அவன் அப்போதே மன்னிப்புக் கேட்டுப் பச்சை வாங்கிவிட்டான். இவளோ மறுநாள் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து, அவன் கண்ணெதிரே நாலு வாய் தின்றாள். பள்ளி அதையும் திருட்டு என்று பதிந்துகொண்டது.

“எதுக்கும்மா எடுத்துத் தின்ன?” வட்டத்தை நடத்தும் ஜெசிந்தா டீச்சர் கேட்டாள்.

“அடிச்சது தப்புதான டீச்சர். அதான் அவன் வீட்டுச் சோத்துல கை நனைச்சேன்.”

சிவப்பு.

ஜெசிந்தாவுக்கு அது புரிந்தது. அவளும் கரையூர்க்காரிதான். அங்கே மன்னிப்பை யாரும் வாயால் கேட்பதில்லை. சண்டை போட்டவர் வீட்டுச் சோற்றைத் தின்றால் பகை தீர்ந்தது; அப்புறம் வருந்த ஒன்றுமில்லை. இந்தப் பிள்ளை மறுநாளே முறைப்படி மன்னிப்புக் கேட்டுவிட்டது! ஆனால் அதைச் சொன்னால், டீச்சரும் அந்த ஊரா என்று கேட்பார்கள். கரையூர்க்காரர் வட்டம் நடத்தக் கூடாது என்பது விதி. கரையூர்ப் பேச்சை மறைத்துச் சம்பாதித்த வேலை.

“வாயத் திறந்து மன்னிப்புக் கேட்டுரும்மா,” என்றாள். பாவி, அதைத்தான் சொன்னாள்.

ரொசில்டா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பே வேடிக்கை பார்க்க, பொலபொலவென்று அழுதுவிட்டாள். “என்னை மன்னித்துவிடு, விஷாகன். நான் செய்தது தவறு.” பிசிறில்லாத புத்தகத் தமிழ்.

மனமானிக்கு அவமானமும் வருத்தமும் ஒன்றுதான். பச்சை எரிந்தது. வகுப்பு கைதட்டியது.

விஷாகன் நல்ல பையன். சந்தோஷத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினான். “இந்தா, சாப்பிடு. அம்மா செஞ்ச புளியோதரை.”

“வேண்டாம். உங்க வீட்டுச் சோத்த இனி நான் தொடமாட்டேன்.”

அவள் எவ்வளவு திருந்திவிட்டாள் என்று அவன் அசந்துபோனான். பகை இப்போதுதான் மூண்டிருக்கிறது என்பது அந்த அறையில் ஜெசிந்தா ஒருத்திக்குத்தான் தெரியும். சமாதானம் ஆயிற்று என்று அறிவிக்க வேண்டியவளும் அவள்தான். அறிவித்தாள்.