மூன்று நாள் தங்கல், சாப்பாடு உட்பட

மேசையில் சின்னத் தட்டு நாலு இருந்தது.

ஃப்ளோரா முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. எண்ணூர் பங்களாவின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தன; உப்புக் காற்றும், வறுத்த வஞ்சிரத்தின் வாசமும், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த அனல் மின் நிலையத்தின் கரிப்புகை நெடியும் ஒன்றாய்க் கலந்து வந்து மூக்கில் ஏறின. யாரோ ஆக்கி, யாரோ பரிமாற, தான் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்ற பூரிப்பில் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இது முதல் தடவை. பெரிய தட்டு இரண்டு, அவளுக்கும் இக்னேஷியஸுக்கும். சின்னது ரெஜினாவுக்கு ஒன்று, லூர்துவுக்கு ஒன்று, நாலு வயசு பாஸ்கலுக்கு ஒன்று. அப்புறம் இன்னொன்று.

"ஆயா, ஒரு தட்டு அதிகமா கீதே."

பரிமாறிக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்து மனுஷி. "கார்டுல பிள்ளைக நாலுல்லா இருக்கு? மூத்த பையன் பின்னால வருவான்னு நீங்கதான ஆபீசுல சொன்னிய? வார பிள்ளைக்குச் சோறு வைக்காம இருக்கலாமா?" என்றபடி நாலாவது தட்டிலும் சோற்றைப் போட்டு, நடுவில் குழி பறித்து, குழம்பை ஊற்றினாள்.

இக்னேஷியஸ் மேசைக்கு அடியில் பெண்டாட்டியின் காலை மிதித்தான். வாயை மூடு என்று அர்த்தம். ஃப்ளோரா மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தைப் பிடித்தது ஃப்ளோராதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற இக்னேஷியஸுக்கு யூனியன் சீட்டுக் குலுக்கலில் குடும்பத்தோடு மூன்று நாள் கடற்கரை விடுமுறை விழுந்தது. எழுபத்திரண்டாம் வருஷம், மே மாதம். மூன்று இடத்தின் நோட்டீசைக் கையில் கொடுத்து, ஒன்றைச் சொல்லு என்றார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவளைப் போல ஃப்ளோரா அந்த மூன்று காகிதத்தையும் ஒரு வாரம் அலசினாள். பழவேற்காட்டில் தங்க இடம் உண்டு, ஆக்கித் தின்பது நம் பாடு. அதற்கு ராயபுரத்திலேயே கிடக்கலாமே! மகாபலிபுரத்தில் சாப்பாடு உண்டு, ஆனால் கடலுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு வேலிகூடக் கிடையாது. அலை வந்து பிள்ளையை வாரிக்கொண்டு போனால் யாரைக் கேட்பது? எண்ணூர் பங்களாவில்தான் எல்லாம் இருந்தது. வேளா வேளைக்குச் சாப்பாடு, வேலி போட்ட மணல், ஊஞ்சல், பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்க ஆயா. பிள்ளைகளுக்கு இதுதான் பத்திரம் என்று அவள் அடித்துச் சொன்னாள். "மூணு நாளைக்கு நான் கரண்டியத் தொட மாட்டேன். யாரு இன்னா சொன்னாலும் சரி."

ஒரே ஒரு நிபந்தனை. மாமன் மச்சான் எல்லாரையும் குடும்பம் என்று சொல்லிக் கூட்டி வந்துவிடுகிறார்கள் என்று, வருகிறவர்களிடம் ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டில் ஜெரோம் பேர் இருந்தது.

ஜெரோம் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. தொண்டை அடைப்பான் கண்டு, மூச்சு கீச்சுக் கீச்சென்று விசிலடித்து, ஏழு வயசில் போய்ச் சேர்ந்தான். பேரை வெட்டவில்லை. வெட்டினால் அவன் பங்கு அரிசி போய்விடும். அரை வயிற்றுக்கு அளந்து போடுகிற காலத்தில் எவள் வெட்டுவாள்? ராயபுரத்தில் அது பாவத்திலேயே சேர்த்தியில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட ஒருத்தரும் சொன்னது கிடையாது. சரிபார்க்க ஆள் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: "அத்தை வூட்டுக்குப் போய்கிறான் சார், வந்துருவான்." கல்லறைத் திருநாளன்று காசிமேட்டில் அவன் கல்லறைமேல் மெழுகுவர்த்தி கொளுத்தி மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள் ஃப்ளோரா, மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு அவன் பேருக்கு அரிசி வாங்கப் போவாள். துக்கம் வேறு, அரிசி வேறு.

பங்களா மேனேஜர் ஹென்றி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஜெரோம், ஆண். இவன் எங்கேம்மா?" என்று கேட்டபோதும் நாக்கு பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிட்டது.

"வந்துருவான் சார்."

சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை பிள்ளைகள் தூங்க வேண்டும் என்பது பங்களா வழக்கம். ஆயா அவர்களை உள்ளே கூட்டிப்போய்விட்டாள். இக்னேஷியஸ் வராந்தா நாற்காலியில் வாயைப் பிளந்து குறட்டை விட்டான். ஃப்ளோரா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயிலில் மணல் கண்ணைக் கூசவைத்தது. மின் நிலையத்தின் உறுமல் காதுக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறொரு சத்தம், மெல்லியதாய், இழுத்து இழுத்து, ஊஞ்சல் சங்கிலி துருவேறிக் கிறீச்சிடுகிறது போலக் கேட்டது. அவள் ஊஞ்சலைப் பார்த்தாள். காற்றே இல்லை. ஊஞ்சல் ஆடவில்லை.

சத்தம் உள்ளிருந்து வந்தது.

அவள் எழுந்து போய்ப் பிள்ளைகள் கூடத்தின் கதவைத் தள்ளினாள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டிருந்ததால் உள்ளே பழுப்பு வெளிச்சம். சின்னக் கட்டில் நாலு. ரெஜினா, லூர்து, பாஸ்கல் மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் தூங்கினார்கள். நாலாவது கட்டிலில் யாருமில்லை. ஆனால் தலையணை நடுவில் குழிந்திருந்தது, விரிப்பில் ஒரு குழந்தை நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது, பக்கத்தில் போனால் கிளிசரின் மருந்து வாடை அடித்தது. ஜெரோமுக்குத் தொண்டையில் தடவிய அதே மருந்து. ஃப்ளோரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் கொஞ்சம் ஆழமாயிற்று. பிறகு மேலே வந்தது. மறுபடி ஆழமாயிற்று.

கீச்... கீச்...

"மாதாவே!" என்று அலறிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். இக்னேஷியஸ் எழுந்து வந்து பார்த்தபோது விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"வெயில்ல குந்திகினு இருந்தா இப்படித்தான். நீ கேட்ட எடத்துக்குத்தானடி வந்துகீறோம். சும்மா இரு."

ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே போட்டார்கள். நாலாவது தட்டு லூர்துவுக்கும் பாஸ்கலுக்கும் நடுவில். ஃப்ளோரா தன் தட்டைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இக்னேஷியஸ் தண்ணீர் கேட்டான். ஒரே ஒரு விநாடி கண்ணை எடுத்து, சொம்பை நகர்த்திவிட்டுத் திரும்பினாள். நாலாவது தட்டு காலி. வழித்து நக்கியது போல் பளபளவென்று இருந்தது. பாஸ்கலின் தட்டும் காலி. ஆனால் அவன் விரலில் ஒரு பருக்கைகூட ஒட்டியிருக்கவில்லை.

"பாஸ்கலு, நீ துன்னியா?"

"அண்ணன் கேட்டுச்சு. குட்த்துட்டேன்."

"எந்த அண்ணன்டா? லூர்துவா?"

பாஸ்கல் தலையாட்டினான், இல்லை என்று. அண்ணன் செத்தபோது அவனுக்கு இரண்டு வயசு. முகம்கூட ஞாபகம் இருக்காது. "கழுத்துல பஞ்சு சுத்திகிற அண்ணன்."

லூர்து குனிந்தபடியே சொன்னான்: "அவன் ரொம்பப் பசியா கீறாம்மா. ரெண்டு வருசமா என் சோத்த யாரு துன்றீங்கன்னு கேக்கறான்."

இக்னேஷியஸ் பளாரென்று ஒன்று வைத்தான். லூர்து அழவில்லை. அதுதான் ஃப்ளோராவைக் குலைத்தது. அறைந்த கையை இக்னேஷியஸ் மடியில் வைத்துக்கொண்டான்.

அன்றைக்கு மூன்று பிள்ளைகளையும் தன் கட்டிலிலேயே போட்டுக்கொண்டு, ஜெபமாலையை விரலில் சுற்றியபடி விடியும்வரை கிடந்தாள். தன் குற்றம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மூன்றையும் கரையேற்றிக் கொண்டுபோய் ராயபுரத்தில் சேர்த்துவிட்டால் போதும். வேறு எதுவும் வேண்டாம், தாயே.

காலையில் பாஸ்கலுக்குக் குரல் கட்டியிருந்தது.

"அம்மா" என்றான். காற்றுதான் வந்தது. ஒரே ராத்திரியில் கன்னம் ஒட்டி, மணிக்கட்டு குச்சியாகி, கண் உள்ளே போயிருந்தது. பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. இட்லி கொடுத்தாள், வாயைத் திறக்காமல் பக்கத்தில் யாருக்கோ நீட்டினான். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள்.

கீச்... கீச்...

"இப்பவே கெளம்பணும்," என்றாள் புருஷனிடம். "நான் ஆபீசுல போய் நெசத்தச் சொல்லப் போறேன்."

"பைத்தியமாடி உனக்கு? கள்ளக் கார்டுன்னு கேஸ் போட்டுருவான். என் வேல போய்டும்!"

"போவட்டும்! வேலதான் போவும். பிள்ள போனா வாங்கித் தருவியா நீ?"

பாஸ்கலை அவன் மடியில் போட்டுவிட்டு அவள் வெறுங்காலோடு மணலில் ஓடினாள். ஹென்றி மீன் வாங்க எண்ணூர் சந்தைக்குப் போயிருந்தார். பதினொன்றரை ஆயிற்று, வந்து சேர. அதுவரை ஆபீஸ் வாசலில் நின்றாள். கால் பொசுங்கியது. நகரவில்லை.

"டாக்டர்கிட்ட போறதுக்கு வண்டி தர்றேன்மா, தாராளமா," என்றார் ஹென்றி, பாஸ்கலின் நிலையைக் கேட்டதும். நல்ல மனுஷர், முகத்தில் உண்மையான கவலை. "பிள்ளைங்க நாலு பேரையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மூத்தவன் நேத்தே வந்துட்டானாமே, ஆயா சொன்னா. நல்லா சாப்பிடுறானாம்."

"அவன் வரல சார்."

"வந்துருவான்னு நீங்கதானே..."

"அவன் வர மாட்டான் சார். செத்துட்டான்." இரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னதும் அடிவயிற்றிலிருந்து அழுகை பீறிட்டது. "அரிசிக்காவப் பொய் சொன்னேன். எனக்கு மூணு பிள்ளைதான் சார். மூணே மூணு. எழுதிக்கோங்க."

ஹென்றி கோபப்படவில்லை. நோட்டைத் திறந்தார். ஃப்ளோராவின் குடும்பத்துக்கு நேராக நாலு என்று இருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று எழுதினார். கூடத்தைப் பார்த்து, "ஆயா, மூணு!" என்று குரல் கொடுத்தார்.

"பேரு எழுதலியா சார்? ஜெரோமு பேர அடிங்க."

"எங்களுக்கு எத்தனை பிள்ளைங்கதாம்மா வேணும். பேரு எதுக்கு?"

சாப்பாட்டு மணி அடித்தது.

அவள் அப்பாடா என்று மூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கினது போல் இருந்தது. கூடத்துக்கு நடந்தாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சின்னத் தட்டு மூன்று. மூன்றே மூன்று. "சேசுவே, ஸ்தோத்திரம்" என்று முனகினாள்.

வாசலில் இக்னேஷியஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் பிள்ளை இல்லை. வேட்டியில் பாஸ்கல் தலை வைத்திருந்த இடம் இன்னும் கசங்கியிருந்தது. அவன் கூடத்துக்குள்ளே கை காட்டினான்.

ரெஜினாவும் லூர்துவும் தட்டைத் தொடாமல் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மூன்றாவது பிள்ளை, அவளுக்கு முதுகு காட்டி. பாஸ்கலின் நீலச் சட்டை. தோளில் கிழிந்திருந்தது. பத்தவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றது.

"பாஸ்கலு."

திரும்பவில்லை.

"ஆயா, சின்னவன் எங்க? ஆயா!"

"எந்தச் சின்னவன்?" ஆவுடையம்மாள் குழம்புச் சட்டியோடு நின்றாள். "மூணுன்னுதான சொல்லி விட்டிய. மூணுக்கு மூணு சரியா இருக்கே தாயி."

அது திரும்பியது.

ஜெரோம். பெட்டிக்குள் வைத்த அன்று பார்த்த முகம். கழுத்தில் பஞ்சு. கன்னமெல்லாம் சோறு.

"அம்மா. பசிக்குது."

ஃப்ளோராவுக்குச் சந்தோஷம் வந்தது. ஐயோ, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூத்த பிள்ளை. தலைச்சன் ஆண். இரண்டு வருஷம் பட்டினி கிடந்த பிள்ளை. கால் தானாக நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். கை தானாகச் சோற்றைப் பிசைந்தது. உருட்டியது.

ஜெரோம் வாயைத் திறந்தான்.

அகலமாக. இன்னும் அகலமாக. உள்ளே இருட்டு. நாக்குக்குப் பின்னால், தொண்டைக்கும் கீழே, ரொம்ப ஆழத்திலிருந்து, கட்டிப்போன சின்னக் குரல் ஒன்று வந்தது.

"அம்மா... இங்க இருட்டா கீதும்மா."

ஃப்ளோராவின் கையில் உருண்டை இருந்தது. ஜெரோம் வாயை மூடாமல் காத்திருந்தான்.