அடுப்பு சொன்ன ஹலோ

அக்காவுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் 'புரொபசர்'. வயது பத்துதான். ஆனால் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள். மழை ஏன் சாய்வாகப் பெய்கிறது? பூனை ஏன் நாள் முழுக்கத் தூங்குகிறது? கேட்ட மறுநொடியே பதில் வந்துவிடும். பதில் தெரியாவிட்டாலும் வரும்! அதுதான் வேடிக்கை.

கேள்வி கேட்பவன் அவள் தம்பி. ஐந்து வயது. எல்லாரும் அவனைப் 'பொடியன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்ன சொன்னாலும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். அப்படியே நம்புவான்.

அவர்கள் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சமையலறை ரொம்பச் சின்னது. இரண்டு பேர் நின்றால், மூன்றாவது ஆள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அதனால் லாரி ஓட்டும் அப்பா, வெளியூர் கிளம்பும் முன் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தார். தட்டையாக, கறுப்பாக, மேலே கண்ணாடியோடு பளபளவென்று இருந்தது.

"நெருப்பே கிடையாது, புகையும் கிடையாது!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அப்பா லாரி ஏறிப் போனார்.

அம்மா இரண்டு பிள்ளைகளையும் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நல்லா கேட்டுக்கோங்க. இது மேல ஈரம் படக்கூடாது. காலிப் பாத்திரத்தை வைக்கக்கூடாது. கரண்டி, மூடி எதையும் இதுமேல போட்டு வைக்கக்கூடாது. முக்கியமா, நான் பக்கத்துல இல்லாதப்போ கிட்டயே போகக்கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது" என்றாள் புரொபசர். அவள் கண் முழுக்க அடுப்பின் பொத்தான்கள் மேலேயே இருந்தது. காதில் பாதிதான் ஏறியது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா பால் காய்ச்சினாள். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கிப் பக்கத்து மேடையில் வைத்தாள். பிறகு துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

"காயப் போட்டுட்டு வந்துடறேன். தம்பியைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

பொடியன் சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். பாத்திரம் இல்லாத அடுப்பில் ஒரு சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அங்க ஒரு குட்டி ஏணி தெரியுது!"

"ஏணி இல்லடா. அது எச். இங்கிலீஷ் எழுத்து."

"எதுக்கு எரியுது?"

அவளுக்குத் தெரியாது. கொஞ்சம்கூடத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லையே!

"எச்னா ஹலோ. அடுப்பு வேலையை முடிச்சிட்டு நமக்கு ஹலோ சொல்லுது."

"சுடாதா?"

"நெருப்பே இல்லையாம், எப்படிடா சுடும்? பயந்தாங்கொள்ளி!"

சொல்லிவிட்டு அவள் ஜன்னலோரம் போய்க் கதைப் புத்தகத்தை விரித்தாள். இரண்டு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டாள்.

வீடே அதிரும்படி ஓர் அலறல்.

ஓடிவந்து பார்த்தால், பொடியன் ஒரு முக்காலி மேல் நின்றிருந்தான். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு துடித்தான். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

பள்ளியில் முதலுதவி வகுப்பில் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவனை அப்படியே அணைத்துத் தூக்கிக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்து கையைத் தண்ணீரில் காட்டினாள்.

"எடுக்காதே பொடியா. எடுக்காதே... கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரலும் அழுதது.

அலறல் கேட்டு அம்மா மாடியிலிருந்து ஓடிவந்தாள். கையைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பற்பசையைத் தேடினாள்.

"வேண்டாம்மா! பேஸ்ட் தடவக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க. தண்ணியிலதான் வெச்சிருக்கணும்."

எதிர்வீட்டு நர்ஸ் அக்காவும் அதற்குள் வந்துவிட்டாள். "பொண்ணு சொல்றதுதான் சரி. பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். இன்னும் கொஞ்ச நேரம் தண்ணி ஓடட்டும். அப்புறம் டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

அம்மா மகளின் தலையைத் தடவினாள். "நல்லவேளை, நீ இருந்தே!"

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நான் இருந்ததால்தானே அம்மா இது நடந்தது? அப்படிச் சொல்ல வந்தவள், தம்பியின் கையைத் தண்ணீருக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தாள்.

"அடுப்பைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்! ஏன்டா தொட்டே?" என்று அம்மா பொடியனைக் கேட்டாள்.

அவன் விக்கி விக்கிச் சொன்னான். "அது ஹலோ சொல்லுச்சும்மா... நான் கை குடுத்தேன்."

"அடுப்பாவது, ஹலோ சொல்றதாவது! உளறாதே!"

பொடியன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மருத்துவர் கொப்புளத்தைப் பார்த்து மருந்து போட்டு, கட்டுக் கட்டினார். பெரிய ஆபத்து இல்லை என்றார். ஆனால் கதை அந்தக் கட்டிடம் முழுக்கப் பரவிவிட்டது. மாடிப்படியில் பார்ப்பவர்கள் எல்லாம், "என்னடா, அடுப்புக்கே கை குடுத்தியாமே!" என்று சிரித்தார்கள். பால்காரர் அவனை "ஹலோ சார்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

அப்போதும் பொடியன் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. படியில் ஆள் வந்தால் கட்டுப் போட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான்.

இதைவிட அவன் தன்னைப் பற்றிக் கோள் சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் ஒரு டம்ளர் பாலை அவனிடம் நீட்டினாள். "ஆறிடுச்சு, குடி."

அவன் வாங்கவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அம்மா, பால் நிஜமாவே ஆறிடுச்சா?"

அவ்வளவுதான். அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் சொன்னால் சூரியன் சதுரம் என்றுகூட நம்புகிறவன் அவன்!

நேராக அம்மாவிடம் போனாள். அங்கே நர்ஸ் அக்காவும் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அக்கா போகட்டும் என்று காத்திருக்கலாம். காத்திருந்தால் தைரியம் போய்விடும்.

"அம்மா, அடுப்பு ஹலோ சொல்லுதுன்னு நான்தான் சொன்னேன். சுடாதுன்னும் சொன்னேன். அந்த எழுத்து என்னன்னே எனக்குத் தெரியாது. சும்மா சொன்னேன்."

அம்மா திட்டவில்லை; அவளைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"எச்னா ஹாட். சூடா இருக்குன்னு அர்த்தம்" என்று சொன்னாள். "நெருப்பு இல்லைதான். ஆனா பாத்திரம் கொதிக்குதில்ல? அந்தச் சூடு கண்ணாடியில இறங்கி அப்படியே நிக்கும். அணைச்ச பிறகும் நிக்கும். நான் உங்களுக்கு இதையும் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது என் தப்பு."

"உன் தப்பு இல்லம்மா..."

"கேட்டவன் உன்னை நம்பித்தானே கேட்டான்?" என்றாள் அம்மா மெதுவாக.



மறுநாள் காலை மாடிப்படியில் பால்காரர், "என்ன ஹலோ சார்!" என்றார். பொடியன் கையை மறைப்பதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

"அப்படிக் கூப்பிடாதீங்க மாமா. ஹலோ சொல்லுதுன்னு அவன்கிட்ட சொன்னது நான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிங்க."

பால்காரர் சிரிக்கவில்லை. "அப்படியா விஷயம்? இனிமே கூப்பிடலம்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பொடியன் அவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டான். ஆனாலும் சமையலறைப் பக்கம் மட்டும் அவன் வரவே இல்லை. தண்ணீர் வேண்டும் என்றாலும் வாசலுக்கு வெளியே நின்றுதான் கேட்டான்.

அவள் யோசித்தாள். ஓர் அட்டையை வெட்டி, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை அடித்தாள். கயிறு கட்டி, பொடியனுக்கு எட்டும் உயரத்தில் சமையலறை வாசல் ஆணியில் மாட்டினாள்.

"அம்மா அடுப்பைப் போட்டதும் சிவப்பைத் திருப்பு. அந்த எழுத்து அணைஞ்சு, அம்மாவும் சரின்னு சொன்ன அப்புறம்தான் பச்சை. பச்சையா இருந்தாலும் அடுப்பை நாம தொடக்கூடாது. உள்ள வந்து நிக்கலாம், அவ்வளவுதான்."

"யார் திருப்பறது?"

"நீதான். இது உன் வேலை."

பொடியன் இடது கையால் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். அம்மா முட்டை வேகவைக்க அடுப்பைப் போட்டதும் ஓடிப்போய்ச் சிவப்பாக்கினான். அணைத்த பிறகு அக்காவும் தம்பியும் வாசலில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது லேசில் அணைகிற வழியாகத் தெரியவில்லை.

கட்டு பிரித்த நாளன்று உள்ளங்கையில் வெளிறிய தோல் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. பொடியன் அதைப் பெருமையாகக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது எப்போ போகும்?"

ஒரு மாசம் என்று சொல்லலாம். நாளைக்கே என்றும் சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலடா" என்றாள்.

பொடியனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "நிஜமாவா? உனக்கே தெரியாதா?"

"நிஜமா தெரியாது. வா, நர்ஸ் அக்காகிட்ட கேட்கலாம்."

அவன் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அந்த வலது கையையே அவள் கைக்குள் கொடுத்தான். அவள் அதை வலிக்காமல் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.