சுவடுமானி காட்டிய பெயர்

சுவடுமானியின் வளையத்துக்குள் தலையை வைக்க ஷெர்லி மறுத்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணை அவள் அம்மா பாக்கியமேரிதான் தாஜா செய்து படுக்க வைத்தாள்.

"கண்ண மூடிக்கோ கண்ணு. இதோ ஆச்சு."

மூளையில் படிந்த நஞ்சு எது, எந்த ஆண்டு வந்தது, எந்த வழியில் வந்தது என்பதை அந்தக் கருவி சொல்லிவிடும். காற்றில் வந்த ஈயத்தோடு கரித்துகள் ஒட்டியிருக்கும். தண்ணீரில் வந்ததோடு உப்பு. அந்தக் கருவி வேண்டுமென்று உப்பளத்தூர் மக்கள் ஆறு வருடம் போராடினார்கள். ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்தவள் பாக்கியமேரி. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி இருந்தது. பத்தொன்பது வருடம் அவளும் அங்கேதான் கூலிக்குப் போனாள். ஷெர்லிக்கு மூன்று வயதில் வலிப்பு வந்தது. பேச்சு பத்துப் பன்னிரண்டு சொற்களோடு நின்றுபோனது.

"யாரால கெட்டுச்சோ அவங்கதான் கடைசி வரிக்கும் வைத்தியம் பாக்கணும்னு சட்டம் வந்துச்சில்ல? ஆலைன்னு எழுதிக் குடு, வளரு."

கருவியை இயக்கும் வளர்மதி அதே ஊர்ப் பெண். திரையில் வந்த முடிவை மீண்டும் மேலிருந்து படித்தாள்.

"இன்னா, சொல்லேன்."

"காத்துல வந்தது கொஞ்சந்தான்க்கா. மீதி எல்லாத்துலயும் நூல் தூசியும் வேர்வையும் ஒட்டினு இருக்கு. துணி வழியா வந்திருக்கு."

"யார் துணி?"

வளர்மதியின் பார்வை பாக்கியமேரியின் முந்தானையில் நின்றது. ஆலைக்குக் கட்டிப்போன தன் புடவைதான் என்று பாக்கியமேரிக்குப் புரிந்தது.

"கைய கழுவிட்டுதான் சோறு ஊட்டுவேன், வளரு. வேலைலேர்ந்து வந்ததும் வராததுமா புள்ள ஓடியாந்து முந்தானையப் புடிச்சிக்கும். தள்ளிவுட மனசு வராது."

"குளிக்க ரூம் குடுத்தானுங்களா, மாத்துத் துணி குடுத்தானுங்களா? தப்பு அவனுங்களோடது. நான் எழுதறேன்க்கா."

எழுத இடமில்லை. கருவி முடிவைத் தானாகவே, இந்த வழக்குகளைத் தீர்க்கும் ஆணையத்துக்கு அனுப்பியிருந்தது. 'மூலம்' என்ற கட்டத்தில் ஒரு பெயர்தான் நிற்கும். வேர்வையை வைத்து அது பாக்கியமேரியின் பெயரைப் போட்டிருந்தது.

ஒன்பதாம் நாள் உத்தரவு வந்தது. ஆலை விடுவிக்கப்பட்டது. நஞ்சுக்கு மூலம் என்று பெயர் வந்தவர், பாதிக்கப்பட்டவரிடமிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆலையைத் துரத்துவதற்காக ஊர்மக்களே கேட்டு வாங்கிய விதி அது. இப்போது ஊரை விட்டுப் போக வேண்டியவள் பாக்கியமேரி. வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது என்று பாக்கியமேரி கொடுத்த மனு, 'படிக்கப்பட்டது' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

ஷெர்லியைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வந்தாள்.

"சோத்த நல்லா கொழைச்சி ஊட்டு. ஸ்பூன காட்டாத, பயந்துக்கும். வலிப்பு வர்றதுக்கு முன்னால காதத் தேய்க்கும். ஒருக்களிச்சிப் படுக்க வெச்சிடு."

அம்மா கடைக்குப் போகிறாள் என்று நினைத்து ஷெர்லி ஜன்னலில் நின்று கையசைத்தாள்.

வளர்மதி பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள்.

"குளிச்சிட்டு, புதுப் பொடவ கட்டினு, தெருவுல நின்னு பாத்தா கூடவா ஆவாது?" என்று கேட்டாள் பாக்கியமேரி.

வளர்மதி பையை அவள் கையில் கொடுத்தாள். பேருந்து வந்தது. படியில் கால் வைத்த பாக்கியமேரி, வீட்டுக்குப் பின்னால் எழுந்த ஆலைப் புகையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"வளரு, ஓடு. அந்த நர்ஸ் பொண்ணாண்ட ஜன்னல சாத்தச் சொல்லு."